முதல் கைப்பிடி

உலை கொதிக்கும் சத்தம் கேட்டதும் ஆச்சி என்னைக் கூப்பிடுவாள். "ஏட்டி, கையைக் கழுவிட்டு வா." சுளகில் மூன்று உழக்கு அரிசி கல் பொறுக்கி வைத்திருப்பாள். அதைக் களைவதற்கு முன்னால் என் கையை அதற்குள் விடச் சொல்வாள். விரல்களை மடக்கி அள்ளி, ஒரு மணி சிந்தாமல் நாலு எட்டு நடந்து, அடுப்படி மூலையில் இருந்த மண்கலயத்தில் போட வேண்டும். மாதத் தொடக்கத்தில் கலயம் வெறுமையாக இருக்கும்போது, ஓட்டின்மேல் தூறல் விழுவதுபோல் அரிசி சலசலக்கும். நாள் ஆக ஆகச் சத்தம் குறையும். மாதக் கடைசியில் அரிசிமேல் அரிசி விழும் பொத்தென்ற ஓசைதான். அந்தச் சத்தத்தை வைத்தே இன்று எத்தனையாம் தேதி என்று சொல்லிவிடுவேன்.

ஒருநாள் நான் விளையாடிவிட்டு வரத் தாமதமானது. உலையில் அரிசி போட்டாகிவிட்டது. சோறு வெந்தபின் மிஞ்சினால் அதிலிருந்து ஒரு கை எடுத்து யாருக்காவது கொடுத்துவிடலாமே என்றேன். ஆச்சி என் முகத்தைப் பார்த்தாள். "மிச்சத்துல எடுத்தா அது பிச்சைட்டி. முதல்ல எடுத்தாத்தான் காணிக்கை." தானே எனக்கு முன்னால் ஒரு பிடி எடுத்துப் போட்டிருந்தாள் என்பதைப் பிறகுதான் கலயத்தைத் திறந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

எங்கள் ஊர் தேரிக்காட்டின் ஓரத்தில் இருந்தது. செக்கச்செவேல் என்ற மணல், உடைமரம், கொல்லாமரம், கண்ணுக்கெட்டிய தூரம்வரை பனை. அப்பா பனையேறி. உச்சியில் உட்கார்ந்து பாளை சீவும்போது மெஞ்ஞானபுரம் கோயிலின் கோபுரம் தெரியும் என்பார். 192 அடி உயரக் கோபுரம் அது. நான் தரையில் நின்று எம்பி எம்பிப் பார்ப்பேன், பனைமட்டைதான் தெரியும். எங்கள் ஊர்க் கோயில் சின்னது. பெண்கள் ஒருபக்கம், ஆண்கள் ஒருபக்கம் பாய் விரித்து உட்காருவோம். மாதத்தில் ஒரு ஞாயிறுதான் போதகர் ஐயர் வந்து திருவிருந்து கொடுப்பார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் ஆராதனை நடத்துவார்.

மாதம் பிறந்ததும் பெண்கள் ஐக்கிய சங்கத்தைச் சேர்ந்த இரண்டு பேர் சாக்கோடு வருவார்கள். கலயத்து அரிசியைக் கொட்டிக்கொண்டு போவார்கள். கோயில் முற்றத்தில் எல்லா வீட்டு அரிசியும் ஒன்றாகச் சேரும். சம்பாவும் புழுங்கலும் பச்சரிசியும் ரேஷன் அரிசியும் கலந்து, அருகில் போய்ப் பார்த்தால் பல நிறமாக இருக்கும். அதை ஏலம் போட்டு வரும் பணத்தில் ஒரு பங்கு ஊருக்குள் இல்லாதவர்களுக்கு, ஒரு பங்கு ஊழியத்துக்கு. "இந்த அரிசி எங்க ஆச்சி போகுது?" என்று கேட்டால், "தோர்ணக்கல்லுக்கு" என்பாள். எனக்கு அது ஏதோ ஒரு பெரிய கல்லாகத்தான் மனதில் நின்றது. அந்தக் கல்லின்மேல் மலைபோல் அரிசி குவிந்திருப்பதாகக் கனவுகூடக் கண்டிருக்கிறேன்.

அது தெலுங்கு நாட்டு ஊர் என்று பள்ளியில் பெரிய வகுப்புக்குப் போனபின் தெரிந்தது. எங்களுக்குப் பக்கத்து வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் அவரோடு சேர்ந்தவர்களும் 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார்கள். வெளிநாட்டுப் பணத்தை எதிர்பாராமல் நம் சனங்களின் காணிக்கையிலேயே ஊழியம் நடக்கவேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அசரியா தாமே தோர்ணக்கல்லுக்குப் போனார். 1912-இல் அங்கே பேராயரானார். இந்தியர்களில் முதல் ஆங்கிலிக்கன் பேராயர் அவர்தான். ஆச்சிக்கு இந்த வருஷமெல்லாம் தெரியாது. நம் ஊர்ப்பக்கத்துப் பையன் ஒருவன் போனான், அவன் பின்னால் நம் அரிசி போகிறது, அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

ராத்திரி எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். அரிக்கேன் விளக்கைத் திரி தாழ்த்தி நடுவில் வைத்து, அப்பா வேதம் வாசிப்பார். ஆச்சி எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அதனால் வாசிக்கும்போது காது கொடுத்துக் கேட்பாள். ஜெபம் முடிந்து எல்லாரும் எழுந்திருக்கும்போது ஒரு கேள்வி கேட்பாள். என்ன வாசித்தோம் என்று கேட்கமாட்டாள். "இதுல நாளைக்கு எதைச் செய்யப் போறோம்?" என்பாள். அதற்குப் பதில் சொல்லாமல் யாரும் பாய் விரிக்க முடியாது. வம்ச அட்டவணை வாசித்த ஒரு ராத்திரி நான் திணறிப்போனேன். அதில் செய்ய என்ன இருக்கிறது? "இத்தன பேரு பேரையும் ஆண்டவரு ஞாபகம் வச்சிருக்காரு. நாளைக்குப் பள்ளிக்கொடத்துல உன்கூட யாரும் சேராம தனியா இருக்கிற பிள்ள பேரக் கேட்டுட்டு வா" என்றாள்.

எனக்குப் பத்து வயதான வருஷம், ஓய்வுநாள் பாடசாலையில் மலைப்பிரசங்கம் முழுவதையும் மனப்பாடமாகச் சொல்பவர்களுக்குப் பரிசு என்று அறிவித்தார்கள். மத்தேயு 5, 6, 7 ஆகிய மூன்று அதிகாரங்கள்; மொத்தம் 111 வசனங்கள். நான் விடவில்லை. தினமும் திண்ணையில் உட்கார்ந்து உரக்கச் சொல்லிப் பார்ப்பேன். ஆச்சி பக்கத்தில் ஓலைப்பெட்டி முடைந்துகொண்டிருப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி. காணிக்கை செலுத்த வந்த இடத்தில், சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு என்று வருகிற இடம். ஆச்சியின் கை நின்றது. "அத இன்னொருக்கச் சொல்லு." சொன்னேன். "இன்னொருக்க." மறுபடி சொன்னேன். குருத்தோலையை மடியிலிருந்து தட்டிவிட்டு எழுந்தாள். உள்ளே போய் ஓலைக்கொட்டானில் நாலு கருப்பட்டி எடுத்து வைத்தாள். "விளக்க எடு" என்றாள்.

தெருக்கோடியில் இருந்தது சின்னாச்சியின் வீடு. தாத்தாவின் தம்பி மனைவி, ஆச்சிக்கு ஓரகத்தி. எல்லையில் நின்ற மூன்று வடலிப் பனைகளின் ஓலையை யார் வெட்டுவது என்பதில் வாய்த்தகராறாகி, மூன்று வருஷமாக இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. கோயிலில் ஒருத்தி தூணுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தால் மற்றவள் அந்தப் பக்கம். ஆச்சி கதவைத் தட்டி, "நாந்தான்" என்றாள். உள்ளே விளக்கு அசைவது தெரிந்தது. கதவு திறக்கவில்லை. ஆச்சி கொட்டானைத் திண்ணையில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். மறுநாள் காலையில் அந்தக் கொட்டான் கருப்பட்டியோடு எங்கள் வாசலில் இருந்தது.

அந்த ஞாயிறு திருவிருந்து. ஆச்சி எழுந்து முன்னால் போகவில்லை. பாயிலேயே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். அடுத்த மாதம் திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை மறுபடி போனாள். கதவு திறந்தது; பேச்சு இல்லை. மூன்றாவது மாதம் சின்னாச்சி வாசலில் நின்று, "வடலி ஒனக்குத்தான் வேணும்னா எடுத்துக்கோ" என்று வெடுக்கென்று சொன்னாள். "எனக்கு வடலி வேண்டாம் தாயி. நான் அன்னைக்குச் சொன்ன வார்த்த தப்பு. அதச் சொல்லத்தான் வந்தேன்" என்றாள் ஆச்சி. வேறெதுவும் சொல்லவில்லை. அந்த வார்த்தை என்ன என்று நான் எத்தனை முறை கேட்டும் அவள் கடைசிவரை சொல்லவில்லை.

1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபின், 1950-இல் வந்த திருவிருந்து ஆராதனை முறைமையில் சமாதானம் கொடுப்பது என்று ஒரு பகுதி உண்டு. பீடத்தில் தொடங்கி, ஒருவர் கையை மற்றவர் இரண்டு கைகளுக்குள் ஏந்தி, வரிசை வரிசையாகக் கடைசி ஆள்வரை சமாதானம் வரும். அந்த ஞாயிற்றுக்கிழமை சின்னாச்சி தூணின் அந்தப் பக்கத்திலிருந்து எழுந்து வந்து ஆச்சிக்கு அடுத்தாற்போல் உட்கார்ந்திருந்தாள். ஆச்சியின் கையிலிருந்து அவள் கைக்குச் சமாதானம் போனதை நான் பார்த்தேன். இரண்டு பேர் கையும் காய்த்துப்போன கை. பிடித்த கையை விட அவர்களுக்குச் சற்று நேரமானது.

அதற்கு அடுத்த வாரம் நான் 111 வசனத்தையும் தப்பில்லாமல் சொல்லி எவர்சில்வர் தூக்குச்சட்டி வாங்கினேன். ஊரே மெச்சியது. ஆச்சியும் முத்தம் கொடுத்தாள். ஆனால் அந்தப் பரிசு யாருக்கு உரியது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. நான் நூற்றுப்பதினொன்றையும் சொன்னேன். அவள் ஒன்றைச் செய்திருந்தாள்.

அந்தப் பிரசங்கம் முடிகிற இடத்தில் இரண்டு வீடு வரும். கேட்டுச் செய்கிறவனுடைய வீடு கல்லின்மேல். கேட்டும் செய்யாதவனுடைய வீடு மணலின்மேல். தேரிக்காட்டுப் பிள்ளைகளுக்கு மணலைப் பற்றி யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆடிக்காற்றில் நேற்று இருந்த மேடு இன்று இருக்காது. காற்று திசை மாறினால் வேலி புதைந்துபோகும்.

பனைத்தொழிலிலும் அன்றன்றைக்குச் செய்தே ஆகவேண்டிய ஒரு விதி உண்டு. பாளையில் கட்டும் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவவேண்டும். தடவினால் வடிவது பதனி. தடவாவிட்டால் அதே பாளை, அதே சாறு, புளித்துக் கள்ளாகிவிடும். காலையில் ஏறிப் பதனியை இறக்கும்போதும் தடவவேண்டும். சாயங்காலம் பாளை சீவ ஏறும்போதும் பார்க்கவேண்டும். கூடினால் கருப்பட்டி கரிக்கும். குறைந்தால் விடிலியில் எவ்வளவு நேரம் காய்ச்சித் துடுப்புப் போட்டாலும் பாகு சிரட்டையில் உறையாமல் இளகிக் கிடக்கும். "நேத்துத் தடவுன சுண்ணாம்பு இன்னைக்கு உதவாதும்மா" என்பார் அப்பா.

1971-இல் தமிழ்நாட்டில் மதுவிலக்கைத் தளர்த்தினார்கள். கள்ளுக்கடைகள் வந்தன. எங்கள் பக்கத்துக்கும் ஆள் வந்தது. சுண்ணாம்பு தடவாமல் இறக்கிக் கொடுத்தால் போதும். விறகு வேண்டாம், வெந்து சாக வேண்டாம், கருப்பட்டியில் வருவதைவிடக் கூடுதலான பணம் கையில். சட்டமும் தடுக்கவில்லை. அம்மா கருப்பட்டி காய்ச்சிக் கண் எரிந்து புகைக்குள் நிற்பதை அப்பா தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். எங்கள் வீட்டில் அப்போது கடனும் இருந்தது.

அந்த ஆள் வந்துபோன அன்று ராத்திரி ஜெபத்தில் அப்பா வேதத்தைத் திறக்கவே இல்லை. மூடின புத்தகத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாத்தா கள்ளில் மூழ்கிச் சொந்தப் பனைகளை விற்றவர். அந்த வீட்டில்தான் அப்பா வளர்ந்தார். ஆச்சி செய் என்றும் சொல்லவில்லை, செய்யாதே என்றும் சொல்லவில்லை. வழக்கமான கேள்வியை மட்டும் கேட்டாள்: "நாளைக்கு என்ன செய்யப் போறோம்?" அப்பா பதில் சொல்லவில்லை. விடியுமுன்னே, தூக்கக் கலக்கத்தில் பார்த்தேன்: அப்பா சுண்ணாம்புப் பெட்டியை இடுப்பில் கட்டிக்கொண்டு பனைக்குக் கிளம்பினார். அதுதான் பதில்.

இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் சொல்ல எளிதாக இருக்கும். கீழ்ப்படிந்தார், ஆசீர்வதிக்கப்பட்டார் என்று முடித்துவிடலாம். அடுத்த வருஷம் வைகாசியில், பதனி நன்றாக வடிகிற காலத்தில், அப்பா பனையிலிருந்து விழுந்தார். தொடை எலும்பு முறிந்தது. மூன்று மாதம் ஆஸ்பத்திரிப் படுக்கை. சீவ ஆளில்லாமல் நாற்பது பனையிலும் பாளை காய்ந்தது. விடிலியில் அடுப்பு எரியவில்லை. கள்ளுக்கு இறக்கியவர்கள் யாரும் விழவில்லை.

என் நெஞ்சில் அந்தக் கேள்வி முள்ளாகக் கிடந்தது. ஒருநாள் கேட்டுவிட்டேன். "அப்பா ஆண்டவர் சொன்னபடிதானே ஆச்சி செஞ்சாவ? பெறவு ஏன் விழுந்தாவ?" ஆச்சி வெகுநேரம் பேசவில்லை. முடைந்த பெட்டியின் ஓரத்தை மடித்துக் கட்டி முடித்தாள். "எனக்குத் தெரியாதுட்டி" என்றாள் முதலில். பிறகு சொன்னாள்: "சொன்னதக் கேக்கிறது கூலிக்கா? ஒங்க அப்பன் எனக்குக் கஞ்சி ஊத்துதானே, கூலி வாங்கிட்டா ஊத்துதான்? அவன் என் பிள்ள. அதான் செய்யுதான்."

இன்றுவரை அதைவிட நல்ல பதிலை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை.

ஆடி பிறப்பதற்குள் வீட்டில் அரிசி குறையத் தொடங்கியது. முதலில் மூன்று உழக்கு இரண்டானது, பிறகு ஒன்றானது. ஒரு உழக்கு ஆனபோதும் கைப்பிடி நிற்கவில்லை. ஒருநாள் நான் கையை முழுதாக விரிக்காமல், விரல் நுனியில் கொஞ்சமாக எடுத்தேன். தம்பிக்குப் பசி என்று எனக்குத் தெரியும். ஆச்சி கண்டுகொண்டாள். திட்டவில்லை. என் கைமேல் தன் கையை வைத்து, விரல்களை விரித்து, நிறைய அள்ள வைத்தாள். அன்று ராத்திரி அவள் வடிகஞ்சி மட்டும் குடித்துவிட்டுப் படுத்தாள். அதையும் நான் பார்த்தேன். எங்கள் பங்கிலிருந்து அவள் எடுக்கவில்லை. தன் பங்கிலிருந்து எடுத்திருந்தாள்.

ஒரு வாரம் கழித்து அரிசி அறவே இல்லாத ஒரு சாயங்காலம் வந்தது. உலையும் வைக்கவில்லை. அப்போது வாசலில் ஆள் அரவம். ஐக்கிய சங்கப் பெண்கள் மூன்று பேர். தலையில் சுமந்துவந்த சாக்கை இறக்கியவள் சின்னாச்சி. "அக்கா, இந்த மாசம் அரிசிய ஏலம் போட வேண்டாம்னு சங்கத்துல சொல்லிட்டோம். இங்கன கொண்டு வந்துட்டோம்" என்றாள். ஆச்சி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொடுத்துப் பழகினவளுக்கு வாங்குவது எவ்வளவு கடினம் என்பதை அன்று அவள் முகத்தில் பார்த்தேன். வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தாள். சின்னாச்சி அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள், கோயிலில் பிடித்ததுபோலவே. ஆச்சி வாயை மூடிக்கொண்டாள். வாங்குவதும் ஒரு கீழ்ப்படிதல்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

சாக்கை அவிழ்த்தோம். சம்பா, புழுங்கல், பச்சரிசி, ரேஷன் அரிசி எல்லாம் கலந்த அதே அரிசி. ஊர் முழுவதும் உலை வைக்கும் முன் எடுத்த கைப்பிடி. அதில் எங்கள் வீட்டு அரிசியும் எங்கோ கலந்துதான் இருந்தது. அம்மா அடுப்பைப் பற்ற வைத்தாள். ஆச்சி சுளகில் இரண்டு உழக்கு கொட்டிக் கல் பொறுக்கினாள். பிறகு திரும்பி என்னைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, கையைக் கழுவிட்டு வா."

எனக்குப் புரியவில்லை. "ஆச்சி, இதுவே காணிக்கை அரிசிதானே? ஆண்டவருக்குக் கொடுத்தது. இதுலயும் எடுக்கணுமா?"

"நம்ம கைக்கு வந்துட்டுல்லா? கைக்கு வந்தா முதல் பிடி அவருக்கு."

கலயம் அன்று வெறுமையாக இருந்தது. அரிசி சலசலத்து விழுந்தது. சின்னாச்சி வாசற்படியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போய்விட்டாள். அன்று ஆக்கின சோறு ஒரேமாதிரி வேகவில்லை. பச்சரிசி குழைந்துபோயிருந்தது, சம்பா நறுக்கென்று பல்லில் பட்டது. அதைப்போல் ருசியான சோற்றை நான் சாப்பிட்டதில்லை.

அப்பா பிறகு எழுந்து நடந்தார். ஆனால் பனை ஏறவில்லை. காலில் ஒரு சாய்வு கடைசிவரை இருந்தது. மளிகைக் கடை ஒன்றில் எடை போடும் வேலைக்குப் போனார். அவர் போட்ட எடையில் குறை என்று யாரும் திரும்பி வந்ததில்லை. சுண்ணாம்புப் பெட்டி இருந்த இடத்தில் தராசு வந்தது, அவ்வளவுதான்.

ஆச்சி எண்பது வயதைத் தாண்டி, ஒரு சனிக்கிழமை ராத்திரி தூக்கத்திலேயே போனாள். மறுநாள் அடக்க ஆராதனைக்குக் கூடின பெண்கள் சமையலுக்கு அரிசி எடுக்க உள்ளே போனார்கள். கலயத்தில் அன்றுவரைக்கும் உள்ள பிடி இருந்தது. சனிக்கிழமையின் பிடியும் அதில் இருந்தது என்று அம்மா எண்ணிச் சொன்னதுபோல் உறுதியாகச் சொன்னாள்.

இப்போது என் வீட்டில் குக்கர் இருக்கிறது; மண்கலயத்துக்குப் பதில் ஒரு டப்பா. மனம் ஒன்றாத நாட்கள் உண்டு. ஜெபிக்க வார்த்தை வராத நாட்களும் உண்டு. அந்த நாட்களிலும் கை அரிசிக்குள் போகிறது. விசுவாசம் மனதில் பிறந்து கைக்கு வரும் என்றுதான் படித்தேன். பல நாட்களில் எனக்கு அது கையில் தொடங்கித்தான் மனதுக்கு வந்திருக்கிறது. சின்ன வயதில் என் கைமேல் தன் கையை வைத்து விரித்துக் கொடுத்தவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

சென்ற மாதம் ஒருநாள் என் கைப்பிடியைத் தராசில் வைத்துப் பார்த்தேன். 40 கிராம் இருந்தது. ஆச்சியின் கையும் ஏறக்குறைய என் கை அளவுதான். ஒரு நாளைக்கு ஒரு உலை என்று கணக்கிட்டால் வருஷத்துக்கு 14.6 கிலோ. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அறுபது வருஷம் அவள் அந்த அடுப்படியில் நின்றாள். மொத்தம் 876 கிலோ. கோயில் காணிக்கைப் புத்தகத்தில் பெயரெழுதிக் கொடுத்தவர்களின் பெயர் எல்லாம் இருக்கிறது. கைப்பிடி அரிசிக்குப் பெயர் எழுதுவதில்லை. ஆச்சியின் பெயர் அந்தப் புத்தகத்தில் எங்கும் இல்லை.